மிளகாய் அரைத்த அம்மன்

கொச்சி மட்டாஞ்சேரி படகுத்துறைச் சாலையில் ஆவுடையம்மாள் மத்தி பொரித்தால், எதிர்க்கரை வைப்பினில் சும்மா திரிந்த பூனைகளெல்லாம் டிக்கெட் எடுத்துப் படகேறிவிடும். நம்பாதவர்கள் பூனைகளைத்தான் கேட்க வேண்டும்.

அம்பாசமுத்திரத்துக்காரி. வைட்டிலாவில் மெட்ரோத் தூண்கள் எழுந்தபோது சட்டி சுமந்தாள். இடுப்பு விட்டுப்போனதும் இங்கே புறம்போக்கில் ஒரு தகரக் கடை போட்டாள். கைப்பக்குவம் முழுவதும் அம்மியில்தான். மிக்சியில் அரைத்ததை மிளகாயென்றே ஒத்துக்கொள்ள மாட்டாள்.

பிறகு நீர் மெட்ரோப் படகுத் திட்டம் வந்தது. படகுத்துறைக்கு அகலமான வழி வேண்டுமென்று அளக்கவும் வந்தார்கள். பொறியாளர் வெங்கிட்டு, தலைமுறைகளாகக் கொச்சியிலேயே ஊறிப்போன தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை. கடையின் முன்சாய்ப்புத் தகரத்தில் சிவப்புக் கோடு போட்டார்.

"சாய்ப்பு மாத்திரம்தான் போகும், சேச்சி. கடை இங்கதான் இருக்கும். பேடிக்க வேண்டாம்."

ஆவுடையம்மாளுக்கு ஒரு சாண்கூட விட மனமில்லை. போட்ட கோடும் வளையும் என்று வைட்டிலாவில் வேலை செய்தபோதே பார்த்தவள். அவள் ஊரில் புறம்போக்கைக் கேட்டு யாராவது வந்தால், முதலில் ஒரு கல்லுக்கு மஞ்சள் பூசிவிடுவார்கள்; அப்புறம் எந்த அதிகாரியும் கிட்டே வரமாட்டான். அளக்க ஆள் வராத ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்து, அம்மிக்குழவியைக் கழுவி, கடைக்கு முன்னால் பாதாம் மரத்தடியில் நட்டு, சிவப்புத் துணி சுற்றினாள்.

பக்கத்து ஐஸ் கடைப் பாண்டித்துரை எட்டிப் பார்த்தான். "என்னக்கா இது?"

"இசக்கியம்மன்டா. கனவுல வந்து, 'எனக்கு நெழலு குடுடி'ங்கா. நான் என்ன செய்ய?"

பாண்டித்துரை கன்னத்தில் போட்டுக்கொண்டான். மறுவாரமே உண்டியல் வைத்தான். அங்கே பிழைக்க வந்த ஊர்க்காரர்களைத் திரட்டிக் கமிட்டி போட்டுத் தானே தலைவரானான். இவளும் கனவுக்குத் தீனி போட்டுக்கொண்டேயிருந்தாள். அம்மன் தாமிரபரணியில் குதித்தாள், கடலைச் சுற்றி வந்தாள், போர்ட் கொச்சிச் சீன வலையில் அயிலை மீனோடு மீனாகத் துள்ளினாள். சனம் வாயைப் பிளந்து கேட்டது.

வெங்கிட்டு மறுபடி வந்தார். கல்லைக் கண்டதும் செருப்பைக் கழற்றினார். ஆவுடையம்மாளுக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது.

"தேவியைத் தொடமாட்டோம், சேச்சி. வழியைக் கொஞ்சம் வளைச்சுடலாம்."

"நீங்க நல்லா இருக்கணும், சாரே!"

"அந்தப் பக்கம் சரக்குக் கிட்டங்கிச் சுவர். அதனால இந்தப் பக்கம்தான் வளைக்கணும். உங்க கடை முழுசும் போகும்."

ஆவுடையம்மாள் அலறினாள். "அய்யோ சாரே, அது சாமியில்ல! எங்க அம்மிக்குழவி! மொளகா அரைக்கது!"

சுற்றிலும் கூட்டம் கூடிவிட்டது. பாண்டித்துரைதான் முதலில் சுதாரித்தான். "கேட்டீயளா? கடை போகுதுன்னதும் அம்மனையே அம்மிக்கல்லுங்கா!"

தினமும் அவளிடம் கடன் சொல்லி மீன் தின்ற வீரலட்சுமி, அவள் வாயிலேயே ஓங்கி அடித்தாள். "மீன் கவுச்சியோட இத்தன நாளு அம்மன் வாசல்ல உக்காந்திருந்தியேடி!" ஆவுடையம்மாளின் மூக்குத்தி தெறித்து ஓடைக்குள் போனது. யாரும் தேடவில்லை.

கடையை இடிக்க வந்த ஜேசிபிக்கு எலுமிச்சம்பழம் வைத்துக் கற்பூரம் காட்டியவன் பாண்டித்துரை.

வழி வளைந்தது, படகுகள் வந்தன, அம்மனுக்கு முதல் கொடைத் திருவிழாவும் வந்தது. ஆவுடையம்மாள் கமிட்டியிடம் போய் நின்றாள். கோயிலோரம் பூ விற்க ஒரு மூலை கேட்டாள்.

"எல்லார் முன்னாலயும் மன்னிப்புக் கேட்டுத் தீர்த்தம் வாங்கு. பாப்போம்" என்றான் பாண்டித்துரை.

அபிஷேகம் நடந்தது. பல வருஷத்துக் காரம் ஊறிய கல் அல்லவா? தீர்த்தத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டவர்களெல்லாம் தாரை தாரையாக அழுதார்கள். வெங்கிட்டுவும் அழுதார். அம்மனின் சக்தி என்று குலவை விண்ணை முட்டியது.

"கைய நீட்டுக்கா" என்றான் பாண்டித்துரை.

அது எரியும் என்று அவளுக்கா தெரியாது? ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. நீட்டினாள். இரண்டு கண்ணிலும் அழுத்தி ஒற்றிக்கொண்டாள். எரிந்த எரிச்சலில் மண்டியிட்டு விழுந்து கதறினாள்.

"பாத்தீயளா, இவ மனசையே அம்மன் கரைச்சிட்டா!" என்று சனம் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

கண்ணைக் கசக்கி எழுந்தவள், "அந்த மூலை, தம்பி..." என்றாள்.

அங்கே வீரலட்சுமி பூக்கூடையை இறக்கி வைத்துக்கொண்டிருந்தாள்.