ஸ்டேப்ளர் அடித்த பதினோராம் அத்தியாயம்

ஒலக்கூர் பக்கத்தில் ஒரு நடுநிலைப் பள்ளியில் நான் அலுவலக உதவியாளர். எட்டாவதோடு படிப்பை விட்டவள். வகுப்பில் நின்று புத்தகம் வாசிக்கும் வேலை எனக்கு வரும் என்று நினைத்ததே இல்லை.

எட்டாம் வகுப்பில் வருஷத்துக்கு ஒரு நாவலை எல்லோருமாகப் படிப்பது தமிழ் டீச்சர் வைத்திருந்த வழக்கம். ஆளுக்கொரு ஜெராக்ஸ் பிரதி. ஒருவர் சத்தமாக வாசிக்க, மற்றவர்கள் வரியில் விரல் வைத்துக் கூடவே வருவார்கள். மணி அடித்ததும் பிரதிகள் பீரோவுக்குப் போய்விடும். யாரும் முன்னால் ஓடிப் படிக்கக் கூடாது.

டீச்சருக்கு விழுப்புரத்தில் மூன்று நாள் டிரெயினிங் வந்தது.

"நீ படிச்சிக்கினு இரு செல்வி. வெளக்கம்லாம் வேணாம். பசங்க பேசினா பேசட்டும்" என்று பீரோ சாவியைக் கொடுத்துவிட்டுப் போனார்.

தப்பாக வாசித்துவிடுவேனோ என்ற பயத்தில் பதினோராம் அத்தியாயத்தை முந்தின நாளே எடுத்துப் படித்துப் பார்த்தேன். உப்பளத்தில் வேலை செய்யும் அம்மா ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். மகன் போய்ப் பார்க்கிறான். வெகுநேரம் பேசுகிறார்கள். மறுநாள் அவள் இறந்துபோகிறாள்.

வகுப்பில் கவிதா இருந்தாள். அவள் அம்மா கிட்னி கெட்டு விழுப்புரம் ஆஸ்பத்திரியில் இருந்தார். பிள்ளை எல்லார் முன்னாலும் உடைந்துபோனால் நான் என்ன செய்வேன்? ஆபீஸ் ஸ்டேப்ளரை எடுத்தேன். அத்தனை பிரதிகளிலும் அந்த ஆறு பக்கங்களைச் சேர்த்து அடித்துவிட்டேன்.

"இன்னாக்கா, பின்னு அடிச்சி வெச்சிகிற?" என்றான் தினேஷ்.

"பிரிண்டு சரியில்ல. அடுத்ததுக்குப் போங்க."

பன்னிரண்டாம் அத்தியாயத்தில் பையன் தனியாகச் சோறு வடிக்கிறான். தினேஷ் விடவில்லை. "அவங்கம்மா எங்கக்கா? ஆம்பளப் புள்ள சோறு ஆக்குறான்?"

"ஆஸ்பத்திரியில இருக்காங்க. நல்லாயிடுச்சி. வந்துடுவாங்க."

"சோறு ஆக்குனா கொறஞ்சா பூடுவான்? நான் டெய்லி ஆக்குறேன்டா" என்று கவிதா அவனை மடக்கினாள். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன்.

அது வெள்ளிக்கிழமை. திங்கட்கிழமை காலையில் கவிதாவின் அம்மா இறந்துவிட்டார்.

காரியம் முடிந்து அவள் வருவதற்குள் டீச்சர் பின்களைப் பிடுங்கி, அந்த அத்தியாயத்தை வகுப்போடு படித்து முடித்திருந்தார். "எனக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாமே செல்வி" என்றார், அவ்வளவுதான்.

கவிதா தன் பிரதியை வாங்கி வராண்டாவில் உட்கார்ந்து படித்தாள். பிறகு ஆபீஸுக்கு வந்தாள்.

"அந்தப் பையன் போயி பாத்துட்டான் இல்லக்கா?"

"ஆமா கண்ணு."

"ஞாயித்துக்கெழம எங்கப்பா என்னியும் கூப்ட்டாரு. எங்கம்மாவும் எப்பிடியும் வூட்டுக்கு வந்துடும்னு நான் போவல."

பிரதியை என் மேஜையில் வைத்துவிட்டுப் போனாள். திட்டியிருந்தால் தேவலை.

பள்ளியில் புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். அன்றைக்கு இருந்த பயம் என்னுடையது. அதைப் பிள்ளையின் பயம் என்று நானே முடிவு கட்டினேன். வாசிக்கச் சொன்னால் முழுசாக வாசியுங்கள். பிள்ளை தாங்குவாளா என்று சந்தேகம் வந்தால் அவளையே தனியாகக் கூப்பிட்டுக் கேளுங்கள்.

கவிதா இப்போது திண்டிவனத்தில் பிளஸ் ஒன் படிக்கிறாள். பஸ்ஸில் பார்த்தால் "நல்லாகீறியாக்கா?" என்று அவள்தான் முதலில் கேட்கிறாள். நான் தலையாட்டிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறேன்.