அவள் உட்கார்ந்தால் மணி பன்னிரண்டு

எங்கள் உப்பளத்தில் கைக்கடிகாரம் கட்டியிருந்தவர் கங்காணி ஒருவர்தான். அதனால் எங்களுக்கு மத்தியானம் எப்போது வரும் என்பதையும் அவரே முடிவு செய்தார். கொட்டகை ஓரத்துப் பூவரச மரத்தில் ஒரு தண்டவாளத் துண்டு தொங்கும். அதை அவர் தட்டினால் சாப்பாட்டு நேரம். ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பத் தட்டினால் வேலை. முதல் தட்டு எப்போதும் பிந்தி வரும், இரண்டாவது எப்போதும் முந்தி வரும். அப்படியொரு கெட்டிக்காரக் கடிகாரத்தை நான் அதற்கப்புறம் எங்கும் பார்த்ததில்லை.

சுதந்திரம் வந்து பத்து வருஷம் ஆகியிருக்கும். எனக்குப் பதினேழு வயது. கடலாடிப் பக்கம் எங்கள் நிலம் மழையில்லாமல் காய்ந்து கிடந்ததால், உப்பூர்ப் பக்கம் சித்தி வீட்டில் தங்கி வேலைக்குப் போனேன். கூடை சுமக்கும் பெண்கள் இருபது பேர் இருந்தோம். எல்லோரும் சிறுவயதுக்காரிகள். வயது ஏறியவர்களைக் காண்டிராக்டர் சேர்த்துக்கொள்ள மாட்டார், அவர்கள் எதிர்த்துப் பேசுவார்களாம். ஆண்கள் பாத்தியில் உப்பை வாரிக் குவிக்க, நாங்கள் கூடையில் அள்ளி, வரப்பு வழியே சுமந்துபோய் மேட்டில் கொட்ட வேண்டும். ஈர உப்பு வடிந்து கண்ணில் இறங்கும். துடைத்துக்கொள்ளக் கை இருக்காது.

எனக்கு முன்னால் கூடையோடு நடந்தவள் மீன்பிடிக் குடும்பத்துப் பெண். கழுத்தில் கறுப்புக் கயிறும் சின்னச் சிலுவையும். என்னைவிட இரண்டு வயது மூத்தவள், கைப்பிள்ளைக்காரி. புருஷன் கொழும்புக்குக் கப்பலேறிப் போனவன் போனவன்தான். நாலு மாதப் பிள்ளையை வாசல் பக்கம் உடைமரத்தில் தூளி கட்டிப் போட்டுவிட்டு வருவாள். மணி அடிக்காமல் யாரும் வரப்பை விட்டு நகரக் கூடாது என்பது சட்டம். பிள்ளை அழும் சத்தம் கேட்கும்போதெல்லாம் அவள் ரவிக்கை நனைந்துவிடும். அதுவும் உப்புத் தண்ணீர்தான் என்பதுபோல் நாங்கள் பார்க்காமல் நடப்போம். வேலையை விட்டால் அவளுக்கு அடுப்பு எரியாது, வேலையில் நின்றால் பிள்ளைக்குப் பால் கிடையாது.

சித்திரை பிறந்த சமயம், ஒரு நாள் காலையில் அவள் ஓர் ஆள் உயரக் கம்பைக் கொண்டுவந்து வரப்பில் நட்டாள். எதற்கென்று கேட்டேன்.

"நெழலு கம்புக்குள்ள போச்சுன்னா உச்சி. கெழக்க ரெண்டு சாண் வந்துச்சுன்னா ஒரு மணி நேரம் முடிஞ்சுச்சு. எங்கய்யா வள்ளத்துல பாய்மரத்தப் பாத்துத்தான் கஞ்சி குடிப்பாரு" என்றாள்.

அன்று நிழல் கம்பின் காலடியில் ஒடுங்கியது. மணி அடிக்கவில்லை. அவள் கூடையை இறக்கி வைத்துவிட்டு, "ஐயா, உச்சி ஆச்சு" என்றாள். கங்காணி சிரித்தார். கடிகாரத்தைக் காட்டினார். பிறகு பெரிய மனசு பண்ணியவராக அருகில் வந்து சொன்னார்:

"புள்ளைக்குத்தானத்தா? நீ மட்டும் போயிக் குடுத்துட்டு வா. நான் ஒண்ணுஞ் சொல்லல."

நானாக இருந்தால் ஓடியிருப்பேன். பிள்ளை அங்கே வீறிட்டுக்கொண்டிருந்தது. அவள் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"எனக்கு மட்டும் வேணாம்யா. இங்கன இருக்கிற எல்லாருக்குந்தான் பசிக்குது. மணிய அடிங்க" என்றாள்.

அவர் அடிக்கவில்லை, அவளும் போகவில்லை. வெகுநேரம் கழித்துத்தான் தண்டவாளம் சத்தம் போட்டது. அவளைப்போல் ஒருத்தியை அதுவரை நான் பார்த்ததில்லை.

கல்யாணமாகிப் பரமக்குடிக்குப் போன பிறகு, அதே சித்திரை மாதத்தில் ஒரு நாள் ரயில்வே ஸ்டேஷன் கடிகாரம் பன்னிரண்டு காட்டியபோது வெளியே வந்து என் நிழலைப் பார்த்தேன். மேற்கே இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. கால் மணி நேரம் கழித்தே அது காலடிக்குள் வந்தது. ஆக, அவள் உச்சி என்றபோது பன்னிரண்டே கால் ஆகியிருக்கும்; நியாயத்துக்கும் குறைவாகத்தான் கேட்டிருக்கிறாள். கங்காணி அதையும் கொடுக்க மறுத்திருக்கிறார்.

அளத்தில் அவள் மணி கேட்டதற்கு மறுநாள், கங்காணி கம்பைப் பிடுங்கி வாய்க்காலில் எறிந்தார். அவள் கம்பு இருந்த குழியின் மேல் காலைச் சேர்த்து நின்றாள். கம்புக்குப் பதில் அவளே நின்றாள். நிழல் அவள் பாதத்துக்குள் நுழைந்ததும், "உச்சி" என்றாள். நாங்கள் பத்தொன்பது பேரும் கூடையை இறக்காமல், அவளை விலகிச் சுற்றிக்கொண்டு நடந்தோம். நானும்தான் நடந்தேன். என் தோள் அவள் தோளில் உரசியது. அவள் என்னைப் பார்க்கக்கூட இல்லை. கங்காணி அவளை வாசல்வரை கொண்டுபோய் விட்டு, "நாளைக்கு இந்தப் பக்கம் வராத" என்றார். ஒரு அளத்தில் விரட்டியவளை அடுத்த அளத்தில் சேர்க்க மாட்டார்கள். அது அவளுக்கும் தெரியும்.

ஆனால் மறுநாளும் வந்தாள். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் வண்டிப்பாதை, சர்க்கார் நிலம். வெயில் ஏறிய பிறகு, இடுப்பில் பிள்ளையோடு வந்து, வாய்க்காலில் கிடந்த கம்பை எடுத்து நட்டு, பக்கத்தில் நின்றாள். அவ்வளவு தூரத்திலிருந்து எங்களுக்கு நிழல் தெரியவில்லை. முந்தானையால் பிள்ளையின் தலையை மூடியிருந்தது மட்டும் தெரிந்தது. நாங்கள் நடந்தோம், திரும்பினோம், மறுபடி நடந்தோம். ஒரு தடவை திரும்பும்போது, அவள் தரையில் உட்கார்ந்து பிள்ளையை மடியில் சாய்த்துக்கொண்டாள். பால் கொடுக்க ஆரம்பித்தாள்.

எனக்கு வீரம் ஒன்றும் வந்துவிடவில்லை. முந்தின நாள் வெட்கம்தான் மிச்சமிருந்தது. கூடையை வரப்பில் இறக்கினேன்.

"ஏத்தா, மணி அடிக்கலையே" என்றார் கங்காணி.

"புள்ள பால் குடிக்குதுய்யா. பன்னெண்டு ஆச்சு" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. ஆனால் பின்னாலிருந்து ஒரு கூடை இறங்கும் சத்தம் கேட்டது. பிறகு இன்னொன்று. கடைசிக் கூடையும் இறங்கிய பிறகு, கங்காணி ஏதோ தானே மனமுவந்து கொடுப்பவர்போல ஓடிப்போய்த் தண்டவாளத்தைப் பலமாகத் தட்டினார். அந்தச் சத்தத்தில் பிள்ளை பாலை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தது.

மூன்று நாள் இப்படியே நடந்தது. அவள் வெளியே உட்காருவாள், நாங்கள் உள்ளே கூடையை இறக்குவோம். நாலாம் நாள் தெற்கே மேகம் கட்டியது. கோடை மழை விழுந்தால் உப்பு கரைந்துபோகும், சுமக்கும் தலை ஒன்றைக்கூட இழக்க முடியாது. காண்டிராக்டரே வந்து அவளை உள்ளே வரச் சொன்னார். கம்பையும் கையோடு கொண்டுவந்து பழைய குழியிலேயே நட்டாள். அதை யாரும் தொடவில்லை.

அவள் கூடையை நான் எடுத்து வைத்திருந்தேன். உப்பை நிரப்பிக் கொடுக்கும்போது, அன்று அவளைச் சுற்றிக்கொண்டு நடந்ததற்கு ஏதாவது சொல்ல வேண்டும் என்று வாயெடுத்தேன்.

"அதெல்லாம் கெடக்கட்டும், மழை வருது" என்றாள். "தூக்கி விடு."

தூக்கிவிட்டேன்.