ஆங்கிலத்தில் மட்டும் வந்த அறிவிப்பு

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையை ஒட்டியது எங்கள் ஊர். ஏரிக்கரையில் உள்ள ரசாயன ஆலையை விரிவாக்கப் போவதும், அதற்கான மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் அந்த வாரமே நடக்கவிருப்பதும் ரயிலில் உடன் வரும் தோழி சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. பதறிப்போய், பக்கத்து வீட்டு மும்தாஜ் அக்காவோடு மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அலுவலகத்துக்குப் போனேன்.

“எல்லாம் வெப்சைட்ல போட்டாச்சும்மா,” என்றார் அதிகாரி. திறந்து பார்த்தால் அத்தனையும் ஆங்கிலம்.

“இன்னா சார், இத்த எங்க ஊர்ல யாரு படிப்பாங்க? தமிழ்ல சுருக்கம் குடுக்கணும்னு சட்டம் சொல்லுதே. அது வர்ற வரைக்கும் இங்கியே குந்திக்கினு இருப்போம்,” என்றார் அக்கா.

சாயங்காலம் கூட்டத்தைத் தள்ளிவைத்தார்கள். சில நாளில் தமிழ்ச் சுருக்கம் வந்தது. கழிவுநீர் எங்கே போகும் என்று பிறகு நடந்த கூட்டத்தில் ஊரே கேட்டது. அதற்கு ஆலை விளக்கம் தரும்வரை விரிவாக்க அனுமதியை நிறுத்திவைத்திருக்கிறார்கள்.

இப்போது வாரந்தோறும் அந்தத் தளத்தைத் திறந்து, புதிய அறிவிப்புகளைத் தமிழில் பேசிப் பதிந்து ஊர் வாட்ஸ்அப் குழுவில் போடுகிறேன்.