சோளத்தட்டுக் கண்ணாடி

மருமகள் ஊறவைத்த மொச்சையைப் பிதுக்கிக்கொண்டிருந்தாள். அந்தப் பச்சை வாசம் மூக்கில் ஏறியதும், மல்லசமுத்திரத்துப் பக்கம் இன்று போர்வெல் போடுகிற ரிக் லாரி நிற்கிற இடத்தில் இருந்த எங்கள் ஓலை வீட்டுக்குள் போய்விட்டேன்.

மார்கழிக் குளிரில் காட்டு வேலை இருக்காது. அப்பா அடுப்போரம் குந்தி, காய்ந்த சோளத்தட்டைத் தண்டு தண்டாக ஒடித்து, தோலைக் கிழித்து வளைத்து, உள்ளிருக்கும் தக்கைத் துண்டுகளில் குத்தி, எனக்கு வண்டியும் மாடும் செய்துகொண்டே இருப்பார். பக்கத்தில் அம்மா மொச்சை பிதுக்குவாள். பருப்பு, குழம்புச் சட்டிக்குப் போகும்; தோல், மாட்டுத் தாழிக்கு.

ஒருநாள் அப்பா சோளத்தட்டில் மூக்குக்கண்ணாடி செய்து அம்மாவுக்கு மாட்டிவிட்டார்.

"தெரியுதா புள்ள?"

"பளிச்சுனு தெரியுதுங்க" என்று சிரித்துக்கொண்டே பிதுக்கினாள்.

மத்தியானம் களிக்கு ஊற்றிய குழம்பில் பாதிக்கு மேல் தோல். அவளுக்குக் கண் மங்கிவருவது அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது. நான் வாயைத் திறக்குமுன் அப்பா என் தொடையைக் கிள்ளிவிட்டு, "இன்னுங் கொஞ்சம் ஊத்து" என்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

மறுநாள் அவர் சோளத்தட்டைத் தொடவில்லை. "குளுருக்குக் கைக்கு ஒரு வேலை வேணுமே" என்று மொச்சையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

அம்மா அந்தக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு அவர் எதிரில் உட்கார்ந்தாள்.

"பாத்துப் பிதுக்குங்க, இன்னைக்கும் தோலு சட்டியில விழுந்துரப் போவுது."