மேலே இருக்க வேண்டிய கம்பி

அக்கா புருஷனை நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன். அவர் கடலூரில் வீடு கட்டும் கான்ட்ராக்டர்; நான் கட்டடங்களுக்குக் கணக்குப் போடும் இன்ஜினியர். அவர் சிதம்பரத்தில் கட்டிக்கொண்டிருந்த ஒரு மாடி வீட்டைப் பார்க்கப் போயிருந்தேன். முன்பக்கம் தூணே இல்லாமல் ஐந்தடி நீண்ட பால்கனி. விளிம்பில் செங்கல் கைப்பிடிச் சுவரும் எழுப்பியாகிவிட்டது. அடியில் சவுக்கு முட்டுகள்தான் தாங்கின.

சந்தேகத்தில் பால்கனி மேல் ஏறி, வீட்டுச் சுவரை ஒட்டி உளியால் கொத்தினேன். ஆழமாகக் கொத்தியும் கம்பி தட்டுப்படவில்லை. கான்கிரீட் போடும்போது ஆட்கள் மிதித்ததில் எல்லாம் அடிக்குப் போயிருந்தது. கீழே இறங்கி வந்தேன்.

"மாமா, முட்டப் பிரிக்காதீங்க. உடைச்சிட்டு மறுபடி போடணும்."

"அடியில கம்பி கெடக்குதுல்ல? அப்புறம் என்ன?"

"ரெண்டு பக்கமும் சுவர் இருந்தா அடியில போதும். இது ஒரு பக்கம்தான் புடிச்சிருக்கு. நுனியில பாரம் ஏறுனா மேல்பக்கம் இழுபடும், அடிப்பக்கம் நசுங்கும். நசுங்குறத கான்கிரீட் தாங்கும், இழுத்தா பிஞ்சிடும். எடை நுனியில இருந்தாலும், அது வளைக்கிற பலம் ஜாஸ்தியா இருக்குறது வீட்டுச் சுவர்கிட்டதான்."

பக்கத்தில் நின்ற வீட்டு ஓனர் மாமாவைத் திரும்பிப் பார்த்தார். அவ்வளவுதான். மாமாவின் கை என் கன்னத்தில் இறங்கியது. அடுத்த அடியில் உதடு கிழிந்தது. நானும் சட்டையைப் பிடித்து நெஞ்சில் குத்தினேன். ஜல்லிக் குவியலில் கட்டிப் புரண்ட எங்களைக் கொத்தனார்கள் பிரித்துவிட்டார்கள்.

"எம் வேலையில குத்தம் சொல்ல நீ யார்றா?"

சம்மட்டியோடு பால்கனிக்கு அடியில் போனார்.

"மாமா, வேணாம்!"

முட்டுகள் ஒவ்வொன்றாகப் பறந்தன. கடைசி முட்டு சாய்ந்ததும் சுவரோரம் படீரென்று வெடித்தது. பால்கனி அப்படியே மடங்கி இறங்கியது.

புழுதிக்குள் அலறல். ஓடப் பார்த்தவரின் இடது கால் மட்டும் அடியில் மாட்டியிருந்தது. கடப்பாரை போட்டு நெம்பினோம். என் உதட்டு ரத்தம் அவர் முகத்தில் சொட்டியது.

"மச்சான், காலு இருக்குதாடா?"

"இருக்கு மாமா."

இருந்தது, கூழாக. ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். ஓடி வந்த அக்கா இரண்டு கையாலும் என் நெஞ்சில் அடித்தாள். "தெரிஞ்சவன்தானடா நீ? அவரக் கட்டிப் போட்டிருக்கக் கூடாதா?"

அந்தப் பால்கனியை நான்தான் திரும்பப் போட்டுக் கொடுத்தேன். மாமா இப்போது செயற்கைக் காலோடு சைட்டுக்குப் போகிறார். கான்கிரீட் போடுவதற்கு முன் போன் வரும். "ஒரு தடவ வந்து பாத்துட்டுப் போ மச்சான்." போவேன். நாங்கள் அடித்துக்கொண்டதைப் பற்றி இரண்டு பேருமே பேசியதில்லை.