இரண்டு பேரும் பார்க்க வேண்டும்

என்னிடம் ஒரு பழைய நோட்டு இருக்கிறது. அட்டை போய்விட்டது, முதல் சில பக்கங்களைக் கரையான் தின்றுவிட்டது. மிச்சப் பக்கங்களில் பறவைகளின் பெயர், பார்த்த இடம், தேதி எல்லாம் என் கையெழுத்தில் இருக்கின்றன. அதில் கடைசியாக எழுதிய பறவைக்கு எதிரே இருக்கும் தேதி பொய். அதைப் பற்றி இத்தனை வருடம் நான் வாய் திறக்காததற்கு மறதி காரணமில்லை. வெட்கம்தான் காரணம்.

ஜப்பான் சண்டைக்கு முன்பு நான் மலாயாவில், பிரிக்பீல்ட்ஸ் பகுதியில், ரயில்வே சரக்கு ஆபீசில் கிராணி. ஆபீசில் எழுதுகிறவர்களை அப்போது அப்படித்தான் சொல்வார்கள். மனைவியோடும் இரண்டு பெண் குழந்தைகளோடும் ரயில்வே வீட்டில் குடியிருந்தேன். ஊருக்குத் திரும்பிய வெள்ளைக்கார அதிகாரி ஒருவர், தன் பைனாகுலரையும் மலாயாப் பறவைகளைப் பற்றிய ஆங்கிலப் புத்தகம் ஒன்றையும் என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். அன்றிலிருந்து எனக்குப் பறவைப் பைத்தியம். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்ததும் நேராக ஏரித் தோட்டம் என்ற பூங்காவுக்குப் போய்விடுவேன். கழுத்தில் பைனாகுலரும் கையில் புத்தகமுமாக நடக்கும்போது, நானும் பாதி வெள்ளைக்காரன் என்ற நினைப்பு எனக்கு இருந்தது. இல்லை என்று சொன்னால் அது இன்னொரு பொய்யாகிவிடும்.

அங்கேதான் நானாவைச் சந்தித்தேன். நாகூர்ப் பக்கத்து முஸ்லிம், மரியாதைக்கு எல்லாரும் நானா என்றுதான் கூப்பிடுவோம், என்னைவிட நாலைந்து வயது பெரியவர். எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு ஜவுளிக்கடையில் துணி எடுத்துக் காட்டும் வேலை. மனைவியும் மகளும் ஊரில். அவருக்கு இங்கிலீஷ் தெரியாது, பறவைகளின் பெயரும் பாதி தெரியாது. ஆனால் நிறம் தெரியும். ஒரு மரங்கொத்தியைப் பார்த்துவிட்டு, அதன் முதுகு காப்பிக்கொட்டை, கொண்டை குங்குமம் என்று துணி விற்கிற மாதிரிச் சொல்வார். நான் புத்தகத்தைப் புரட்டிப் பெயர் சொல்வேன். அந்தப் பெயரை அவர் மூன்று தடவை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொள்வார்.

நோட்டுப் போட்டது இரண்டு பேரும் சேர்ந்துதான். ஆனால் அதற்குச் சட்டம் போட்டது நான். ஒருவர் மட்டும் பார்த்த பறவை நோட்டில் ஏறக் கூடாது, இரண்டு பேரும் பார்க்க வேண்டும். கேட்பதற்கு நியாயமான சட்டம். உண்மையில், ஒரு ஜவுளிக்கடைக்காரரின் கண்ணை நம்பி எழுத எனக்கு மனம் வரவில்லை. அது அவருக்கும் புரிந்திருக்கும். சிரித்துக்கொண்டே சரி என்றார்.

ஜப்பான்காரர்கள் வந்த வாரம், உளவாளி என்று தலையை எடுத்துவிடுவார்களோ என்று பயந்து, பைனாகுலரைக் கோணியில் சுற்றிக் கொல்லையில் புதைத்தேன். இங்கிலீஷ் புத்தகத்தை அரிசித் தகரத்துக்குள் வைத்தேன். அரிசிதான் இல்லையே, இடத்துக்குப் பஞ்சமில்லை. கடிகாரத்தை ஒன்றரை மணி நேரம் முன்னால் தள்ளி வைத்து, இனி தோக்கியோ நேரம்தான் என்றார்கள். புல்தரை இருந்த இடமெல்லாம் மரவள்ளி முளைத்தது. நானாவின் கடையில் துணி தீர்ந்து, வெறும் அலமாரிகளைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை நடையை நாங்கள் விடவில்லை. அந்த இரண்டு மணி நேரம் பசி ஞாபகம் வராது.

அப்போதுதான் எனக்கு ஒன்று தெரிந்தது. பைனாகுலர் இல்லாவிட்டால் எனக்குக் கண்ணே இல்லை. நான் ஒரு மரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன், நானா அந்த மரத்தில் மூன்று பறவைகளைப் பார்த்திருப்பார். ஜப்பான் காலத்தில் நோட்டில் புதிதாக ஏறிய அத்தனையும் அவர் கண்டுபிடித்துக் கைநீட்டிக் காட்டியவை. ‘அதோ, கிளைக்குக் கீழ, இன்னும் கீழ’ என்று அவர் பொறுமையாகச் சொல்லச் சொல்ல எனக்கு எரிச்சலாக வரும். வாத்தியாராக இருந்தவன் கடைசி பெஞ்சுக்கு வந்துவிட்டேன். பொறாமைதான், வேறு பெயர் எதற்கு?

நாற்பத்து மூன்றாம் வருடம் ஏப்ரல் மாதம், ஒரு நாள் காலையில் மூச்சிரைக்க என் வீட்டு வாசலுக்கு வந்து நின்றார்.

“கிராணியாரே, ஆத்தோர மூங்கிலுக்கு அடியில ஒரு குருவி. முதுகு ராமர் பச்ச, றெக்க ஆனந்தா நீலம், வயிறு சந்தனம், வாலுக்கு அடியில அரக்கு. தரையில குதிச்சுக் குதிச்சு எலயப் பெரட்டுது. சண்டைக்கு முந்தி எங்க கடையில இருந்த கலரெல்லாம் அது ஒண்ணுமேல இருக்கு லா.”

ஊரில் ஆறுமணிக்குருவி என்பார்களே, சாயங்காலம் ஆறு மணிக்குக் கூவுமே, அதேதான் என்று அவர் அடித்துச் சொன்னார். நான் தகரத்திலிருந்து புத்தகத்தை எடுத்தேன். அந்தச் சாதியில் ஒன்று மலாயாவிலும் உண்டு, ஆனால் காட்டுப் பறவை என்று போட்டிருந்தது. நீங்கள் பார்த்தது மீன்கொத்தி என்று தீர்ப்புச் சொல்லிவிட்டேன். அதற்கும் நீலச் சிறகு உண்டுதானே.

அதோடு விட்டிருக்கலாம். அன்று சாயங்காலம் காப்பிக்கடையில், காப்பி என்ற பெயரில் அவர்கள் கொடுத்த கறுப்புத் தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்தபோது, ஏழெட்டுப் பேர் முன்னால் அந்தப் பேச்சை எடுத்தேன்.

“கப்பலே ஓடாத காலத்துல உங்க ஊர்க் குருவி மட்டும் எப்படி நானா வந்துச்சு?” என்று கேட்டேன்.

எல்லாரும் சிரித்தார்கள். நானாவும் சிரித்தார். அவருக்கு ஊரிலிருந்து கடிதம் வந்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. அது தெரிந்தேதான் அப்படிக் கேட்டேனா என்று என்னையே பல தடவை கேட்டுக்கொண்டிருக்கிறேன். பதில் எனக்குப் பிடித்ததாக இல்லை.

அந்தச் சமயத்தில்தான் வடக்கே சயாம் நாட்டுக்கு ரயில்பாதை போட ஆள் பிடிக்கத் தொடங்கியிருந்தார்கள். ரப்பர்த் தோட்டத்து ஆட்கள் போதாமல் டவுனுக்கும் லோரி வர ஆரம்பித்தது. எனக்கு ஆபீசிலேயே தெரியும். ஆட்களை ஏற்ற எத்தனை சரக்கு வண்டி வேண்டும் என்ற தாள் என் மேசை வழியாகத்தான் போயிற்று. என் கையில் ரயில்வே பட்டை இருந்தது, அதைக் கட்டியிருந்தால் யாரும் தொட மாட்டார்கள். நானாவிடம் ஒன்றும் கிடையாது. அவரைத் தனியாகக் கூப்பிட்டு, காலையில் ஆற்றுப் பக்கம் சுற்றாதீர்கள், கடைக்குள்ளேயே இருங்கள் என்று சொன்னேன். அவ்வளவு நல்ல புத்தி எனக்கு இருந்தது.

“நீங்க ஒரு தடவ பாத்துட்டாப் போதும் கிராணியாரே. நோட்டுல ஏத்திட்டு, அப்புறம் நான் அந்தப் பக்கமே போவ மாட்டேன்” என்றார். அது வழிதவறி வந்த குருவி, நாலு நாள் இருந்துவிட்டுப் போய்விடும், தினம் போய் இருக்கிறதா என்று பார்த்தால்தான் எனக்குக் காட்ட முடியும் என்று காரணமும் சொன்னார். இரண்டு காலை அவரோடு போனேன். கொசுக்கடிதான் மிச்சம். இரண்டாம் நாள் திரும்பும்போது, பசியில் கண் பூத்தால் கலர் கலராகத்தான் தெரியும் என்றேன். 

அடுத்த திங்கட்கிழமை நான் மட்டும் தனியாக வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். முதல் நாள் மழையில் தெரு முழுக்கத் தண்ணீர், அதனால் ஆற்றோரப் பாதையில் சுற்றிப் போனேன். மூங்கிலுக்கு அடியில் சருகு அசைந்தது. எலி என்று நினைத்தேன். நாலடி தூரத்தில் அது வெளியே வந்து நின்றது. ராமர் பச்சை, ஆனந்தா நீலம், சந்தனம். குனிந்து ஒரு புழுவை இழுத்தபோது வாலுக்கு அடியில் அரக்கு. கண்ணுக்குக் குறுக்கே அகலமாக ஒரு கறுப்புப் பட்டை இருந்தது, அதை மட்டும் நானா சொல்ல மறந்திருந்தார். நான் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன். என் வாழ்க்கையில் அவ்வளவு அழகான பறவையை அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பிறகும் பார்த்ததில்லை. அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது என் மனத்தில் முதலில் வந்தது சந்தோஷம் இல்லை. காப்பிக்கடையில் சிரித்த ஏழெட்டு முகங்கள்தான் வந்தன.

நேரே அவர் கடைக்குப் போயிருக்க வேண்டும். ஐந்து நிமிட நடை. போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை சொல்லிக்கொள்ளலாம் என்று முடிவு செய்தேன். அதற்குள் புத்தகத்தை நன்றாகப் படித்து, ‘நானா, நீங்கள் சொன்ன ஊர்க் குருவி இல்லை இது, அதன் மலாயாச் சொந்தம், நான்தான் கண்டுபிடித்தேன்’ என்று, தோற்காமல் ஒப்புக்கொள்கிற மாதிரி ஒரு பேச்சைத் தயார் செய்தேன். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அவரே வீட்டுக்கு வந்தார். அந்தப் பக்கம் போனீர்களா என்று கேட்டார். எனக்கு எங்கே நேரம் என்றேன். என் மனைவி கொடுத்த அவித்த மரவள்ளியைத் தின்றுவிட்டு, குருவி இன்னும் இருக்கிறது, நாளைக்கும் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

வியாழக்கிழமை மத்தியானம், ஆற்றோரம் கீரை போட்டிருந்த ஒரு அக்கா என் ஆபீஸ் வாசலில் வந்து நின்றாள். காலையில் லோரி வந்ததாம். பாசாருக்குச் சாமான் வாங்கப் போய்க்கொண்டிருந்த ஆண்களை மறித்து ஏற்றினார்களாம். நானா மூங்கிலுக்கு அடியில் குந்தியிருந்ததைப் பார்த்து, ஒளிந்திருக்கிறார் என்று இழுத்து வந்திருக்கிறார்கள்.

“குருவி பாக்குறேன், குருவி பாக்குறேன்னு கையைக் காட்டிக் காட்டிச் சொன்னாருங்க. யாரு நம்புவா? ஒங்ககிட்ட சொல்லச் சொன்னாரு” என்றாள்.

எதைச் சொல்லச் சொன்னார் என்று கேட்டேன். தன்னை விடுவிக்க நான் ஏதாவது செய்ய வேண்டும் என்று சொல்லியிருப்பார் என்றுதான் நினைத்தேன். குருவி இன்னும் அங்கேதான் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமைக்குள் போய்ப் பார்த்துவிடுங்கள் என்று சொல்லியிருந்தார்.

அவரை ஏற்றிய வண்டி நான் வேலை செய்த யார்டிலிருந்துதான் புறப்பட்டது. ஜப்பானிய அதிகாரியிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் பட்டையைப் பிடுங்கி என்னையும் ஏற்றிவிடுவானோ என்ற பயம். வண்டி போகும்வரை மேசையை விட்டு எழவில்லை. குழந்தைகள் இருக்கிறார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். குழந்தைகள் இருந்தது உண்மைதான். அவருக்கும் ஒரு மகள் இருந்தாள்.

இரண்டரை வருடம் கழித்து, சண்டை முடிந்த வருடக் கடைசியில், அவர் திரும்பி வந்தார். முதலில் எனக்கு அடையாளம் தெரியவில்லை. இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. புண் வைத்து அழுகிப்போய் எடுத்துவிட்டார்களாம். மனைவி அவரை உட்கார வைத்துவிட்டு உள்ளே போய் அழுதாள். அவர் அவசரமாகக் குருவிப் பேச்சுக்கு வந்தார். சயாமில் மழை பிடித்ததும் அதே குருவி வந்துவிடுமாம். அவர்களைத் தங்க வைத்திருந்த காம்புக்குப் பின்னால் மூங்கில் காடு, காலையிலும் சாயங்காலமும் கூவுமாம்.

“எத்தனையோ பாத்தேன் கிராணியாரே. காய்ச்சல்ல படுத்துக்கிட்டே பாத்தேன். ஆனா ஒண்ணக்கூடச் சேத்துக்கல. நீங்க பாக்கலையே. ரெண்டு பேரும் பாக்கணும்ல.”

என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. தரையைப் பார்த்தேன். அங்கே அவருடைய ஒற்றைக் கால் இருந்தது.

“இங்க உள்ளத நீங்க பாத்தீங்களா?” என்றார்.

பார்த்தேன் என்றேன்.

“எப்ப?”

ஒரு நொடிதான். உண்மையைச் சொல்ல அது போதும். “நீங்க போனதுக்கு அப்புறம் நானா. அடுத்த வாரம்” என்றேன்.

அவர் கண் கலங்கிவிட்டது. என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். “என்னைய அள்ளிட்டுப் போன எடத்துக்கு, மறுவாரமே எனக்காவப் போனீங்களா?” என்றார். நோட்டை எடுத்து வரச் சொல்லி, தன் கண் முன்னால் எழுதச் சொன்னார். பறவையின் பெயரை எழுதினேன். இடத்தை எழுதினேன். தேதி எழுதும்போது பேனா சரியாக எழுதவில்லை, இரண்டு தடவை தொட்டு எழுதினேன். நான் இங்கிலீஷில் எழுதியது அவருக்குப் புரியாது. தேதியின்மேல் விரலை வைத்து, இது என்ன என்று கேட்டார். வாசித்துக் காட்டினேன்.

அடுத்த வருடம் இந்தியாவுக்குக் கப்பல் ஓடத் தொடங்கியது. அவரை வழியனுப்பக் கிள்ளான் துறைமுகத்துக்குப் போனேன். கட்டையை ஊன்றிக்கொண்டு வரிசையில் நின்றவர், முன்னும் பின்னும் நின்றவர்களையெல்லாம் கூப்பிட்டு என்னைக் காட்டினார்.

“லோரி நின்ன எடத்துக்கு, உசுருக்குப் பயப்படாம, எனக்காவக் குருவி பாக்கப் போன மனுசன் இவரு” என்றார்.

எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். ஒரு பெரியவர் கையெடுத்துக் கும்பிட்டார். நானும் பதிலுக்குக் கும்பிட்டேன்.