டெக் விளக்குக்கு நான் எடுத்த வயர்

முப்பத்திரண்டு வருஷம் எஸ்டேட் ஃபேக்டரியில் ஸ்டோர் கிளார்க்காக இருந்தவன் நான். கேபிள் என்றால் எனக்குத் தெரியாதா? சுருள் சுருளாக அளந்து கொடுத்துக் கையெழுத்து வாங்கியிருக்கிறேன். எதை எங்கே போடுவார்கள் என்று மட்டும் ஒருநாளும் கேட்டதில்லை.

ஓய்வுபெற்றுக் குன்னூரில் வீடு கட்டியபோது, பின்பக்கச் சரிவில் இரும்புச் சட்டம் அடித்து, மேலே பலகை பாவி ஒரு டெக் போட்டோம். அதன் ஓரத்தில் என் மனைவியின் துளசித் தொட்டி. சாயங்காலம் அவள் விளக்கு வைக்கப் போகிற நேரம் பார்த்து மூடுபனி வந்து படியை மறைத்துவிடும். ஒருமுறை வழுக்கி விழுந்தாள். "ஓரமா நாலு லைட்டு போட்டுக் குடுங்க, போதும்" என்றாள்.

மார்க்கெட்டில் எலக்ட்ரிக்கல் கடைக்காரர், "எங்கீங்க போடறதுக்கு? உள்ளயா, வெளியவா?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் பாடமும் தொடங்கிவிட்டார். "வெளியன்னா இந்தக் கருப்புக் கேபிள் எடுத்துக்கோங்க. இரும்புக் கம்பி சுத்தி, மேல தடிமனாத் தோல் இருக்கும். ஈரமும் தாங்கும், எலியும் கடிக்காது. எர்த் வயரை மறந்துறாதீங்க."

எனக்கா பாடம்? "உள்ளதானுங்க" என்று கூசாமல் புளுகிவிட்டு, சுவருக்குள் போடுகிற சாதாரண வயரை வாங்கி வந்தேன்.

எலக்ட்ரீஷியன் எதற்கு? நானே பிளாஸ்டிக் பைப்புக்குள் வயரை விட்டு, நடுவில் ஒரு ஒட்டுப் போட்டு டேப் சுற்றினேன். மழை ஒரு சொட்டு நுழையக்கூடாது என்று பைப்பின் இரண்டு முனைகளையும் பசை வைத்து அடைத்தேன். எர்த் வயரை விட்டுவிட்டேன். நாலு லைட்டுதானே, மோட்டாரா ஓடப்போகிறது? மலையில் தண்ணீர் மேலேயிருந்து மட்டும் வருவதில்லை, அடைத்த பைப்புக்குள்ளேயே பனி வியர்த்துத் தேங்கும் என்பது, இங்கேயே பிறந்து வளர்ந்த என் மண்டையில் ஏறவில்லை. தினமும் ஆறு மணிக்கு நானே சுவிட்சைப் போடுவேன். ஷூவும் இரண்டு ஜோடி சாக்ஸும் மாட்டிக்கொண்டு டெக்கில் உலாத்துவேன், ஏதோ அணைக்கட்டே கட்டியவன் மாதிரி.

மழை பிடித்ததும் அவள் சொன்னாள். "ஏனுங்க, வெளக்கு வெக்கப் போனா காலெல்லாம் சுருசுருன்னு இருக்குதுங்க."

"சர்க்கரைதான். உங்கக்காவுக்கும் இப்படித்தானே ஆரம்பிச்சுது?" என்றேன்.

மேட்டுப்பாளையத்தில் இருக்கும் அவள் அக்காவுக்குச் சர்க்கரையால் ஒரு காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். மறுநாளே இவளை டாக்டரிடம் கூட்டிப்போனேன். டாக்டர் சோதித்துப் பார்த்து, சர்க்கரை கொஞ்சம் கூடத்தான் இருக்கிறது என்று நரம்புக்கு மாத்திரை எழுதினார். பார்த்தாயா, நான் சொன்னேனே என்று வழியெல்லாம் பெருமையடித்துக்கொண்டு வந்தேன். "ஊட்டுக்குள்ள ஒண்ணுமில்லீங்க, அங்க நின்னா மட்டுந்தான்" என்று இன்னொரு நாள் தயங்கித் தயங்கிச் சொன்னாள். "அங்க குளுரு ஜாஸ்தி, அதான்" என்று அதற்கும் பதில் வைத்திருந்தேன். கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். என்னுடையது மூன்று வாரம் தாங்கியது.

ஒரு சாயங்காலம் மாத்திரை வயிற்றைப் புரட்டி அவள் படுத்துவிட்டாள். விளக்கை நான் வைக்க வேண்டியதாயிற்று. துளசிக்கு முன்னால் ஷூவோடு நிற்க முடியுமா? கழற்றினேன். ஈரப் பலகையில் வெறுங்காலை வைத்து, இரும்புக் கைப்பிடியைத் தொட்டேன். ஐயோ! அகல் ஒரு பக்கம் பறந்தது, நான் ஒரு பக்கம் விழுந்தேன். எழுந்து ஓடி மெயினை அணைத்தேன். வந்து பைப்பை அறுத்தால், ஒரு டம்ளர் தண்ணீர் கொட்டியது. அதில் ஊறிய ஒட்டு வழியாகக் கரண்ட் இரும்புச் சட்டத்துக்கும் கைப்பிடிக்கும் இறங்கியிருந்தது. இதன்மேல்தான் அவள் மூன்று வாரம் நின்றிருக்கிறாள்.

சத்தம் கேட்டு எழுந்து வந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன், கடையில் புளுகியது உட்பட. திட்டட்டும், தகும் என்று தலையைக் குனிந்துகொண்டேன்.

"அப்ப எங்காலுக்கு ஒண்ணுமில்லீங்களா?"

நிமிர்ந்து பார்த்தேன். அழுதுகொண்டே சிரித்தாள். "எந்தக் காலை எடுப்பாங்களோன்னு தெனமும் ரெண்டையும் தடவித் தடவிப் பாத்துட்டுக் கெடந்தனுங்க."

அவள் வெறுங்காலோடு அந்த ஈரப் பலகையில் இந்த முனைக்கும் அந்த முனைக்குமாக நடந்து நடந்து பார்த்தாள். மெயின் அணைந்துதான் இருக்கிறதா என்று நான் மூன்று தடவை போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.